எண்பத்துநாலாம் மூடு

குலசேகரம் வங்கியில் பாஸ்புக்கைத்
தின்றுவிட்டுத் துப்பியது இயந்திரம்.
ரப்பர் மானியம், முதல் தவணை,
இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு.
அடுத்த வரியிலேயே
குறுஞ்செய்திக் கட்டணம் பதினேழு ரூபாய் எழுபது காசு.
பணம் வந்தது என்று சொன்னதற்குக் கூலி.

இதற்காக நான் கொடுத்தவை:
தீர்வை ரசீது, கைவசச் சான்று,
கிராம ஆபீசுக்கு நாலு நடை,
நடை ஒன்றுக்கு ஒருநாள் வெட்டு.

கணக்கு எனக்கு வரும்.
விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டி
முந்நூறு மூடு வெட்டுகிறவள்,
வேறொருத்தர் தோட்டத்தில்.
ஒரு மூடு விட்டுப்போனால் உடம்பே சொல்லிவிடும்.
கவுண்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டு சேர்வதற்குள்
எண்பத்துநாலால் வகுத்துவிட்டேன்.
மூட்டுக்கு முப்பத்துநாலு.

ஆனால் எனக்க விளையில் ரப்பர்
எண்பத்துமூணுதான்.

பொன்மனையில் நாற்பத்திரண்டு சென்ட்.
வரிசைக்குப் பன்னிரண்டு, ஏழு வரிசை.
குழி வெட்டி முடித்த அன்றைக்கு ராத்திரி
சீசரை அணலி கடித்தது.
விடியும்வரை என் காலடியில் கிடந்து இரைத்தான்.
பிறகு மழை. இன்னொரு குழி தோண்டக்
கையில் தெம்பில்லை, ஆள்விடக் காசில்லை.
ஐந்தாம் வரிசையில் எட்டாவது குழி
வாய்திறந்து கிடந்தது.
சாக்கோடு வைத்து மூடினேன்.
அடையாளத்துக்கு ஒரு மரச்சீனிக் கம்பு.

அது தளிர்த்தது.
ஒட்டுக்கன்றுகள் கண்விடத் தயங்கி நிற்க
அது மட்டும் முழங்கால் உயரம்.

ஸ்ரீகண்டன் சார் எண்ண வந்ததும் மழையில்தான்.
குடைக்குள் படிவம், செருப்பில் களிமண்,
கையாலை ஏறாமல் பலாமூட்டில் நின்றபடி
பேனாவால் காற்றைக் குத்திக் குத்தி எண்ணினார்.
"எண்பத்துநாலு. சரிதானே சுகிர்தபாய்?"
தலையை ஆட்டினேன்.
அது ஆமாவா இல்லையா என்று
இப்போது எனக்கே நிச்சயமில்லை.
மரச்சீனியானாலும் ரப்பரானாலும்
கீறினால் பால் வெள்ளைதான்.

"அமுக்கு. கோடிகோடியாப் போவுது,
ஒனக்க முப்பத்துநாலுதான் சர்க்காருக்குக் கொறச்சலா?"
என்றான் தம்பி ஜெபசிங்.
திருப்பிக் கொடுக்க எந்தக் கவுண்டர் என்று கேட்டால்
மேலும் கீழும் பார்ப்பார்கள்.
முப்பத்துநாலு ரூபாய்க்குப் பொரை வாங்கினேன்.
சீசருக்குப் பிடித்தது.
பஸ்ஸிலேயே பாதியைத் தின்றுவிட்டேன்.

மறுவருஷம் இரண்டாம் தவணைக்கு ஆய்வு
என்று போன் வந்தது.
முந்தினநாள் சாயங்காலம் மரச்சீனியைப் பிடுங்கினேன்.
பயமா பசியா என்றால் இரண்டும்.
ஒரே மூட்டில் பதினோரு கிலோ!
மண்ணை உதறும்போது
ஒரு கிழங்கின் கழுத்தில் சாக்கு நூல் சுற்றியிருந்தது.
அறுத்தெறிந்துவிட்டுக் கழுவினேன்.

காலையில் அவித்து, காந்தாரி மிளகாய் இடித்து வைத்தேன்.
சார் தின்றார்,
கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்.
இந்தத் தடவை நல்ல வெயில்.
கையாலை ஏறி இறங்கி நடந்தார்,
ஒவ்வொரு கன்றையும் தொட்டு.

ஐந்தாம் வரிசையில் நின்றுவிட்டார்.
"ஒண்ணு குறையுதே."
"செத்துப்போச்சு சார்."
"எப்போ?"
"நீங்க முதல்ல வந்து எண்ணுனதுக்கும் முந்தி."

குழியைப் பார்த்தார்,
புதிதாய்க் கிளறிய மண்ணை,
பிறகு திரும்பி
முற்றத்து ஸ்டூலில் தன் பிளேட்டை.
என்ன விளங்கியதோ.
'பட்டுப்போனவை' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டார்.
'காரணம்' என்ற கட்டத்துக்கு மேல்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
பாம்பு என்றேன்.
எழுதவில்லை.

பைக்கை உதைக்குமுன் கேட்டார்,
கிழங்கு மிச்சமிருந்தால்
ரெண்டு துண்டு பொதிந்து தரமுடியுமா,
பிள்ளைகளுக்கு.